சம்பந்தி கேட்ட மாத்திரை

சீப்பு பட்டாலே மண்டைத் தோல் எரிந்தது. இடது நெற்றிப்பொட்டில் ஒரு வலி, உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல. காலையில் தோள் இரண்டும் பூட்டிக்கொண்டன. அறுபது தாண்டியும் நீராவி இஸ்திரிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு உடம்பு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று விட்டுவிட்டாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பம்மா என்று பேர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் அவள் கையில் ஓரம் பிசகாமல் மடியும். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள் அவளுடைய சம்பந்தி. மகளைக் கொடுத்த வீட்டுக்காரி.

பிறகு தாடை. சாப்பிட உட்கார்ந்து நாலு வாய் மென்றால் தாடை ஓய்ந்துபோகும். நிறுத்தினால் சரியாகும். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பல் போனது, ஓய்ச்சல் போகவில்லை. ஒரு நாள் விரிப்பை உதறும்போது இடது கண் இருண்டு, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. மகள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா நெற்றிப்பொட்டைத் தடவினாள். "தொட்டுப் பாருங்கம்மா, கயிறு மாதிரி இருக்கா? ரத்தக்குழாய். உள்ளுக்குள்ள வீங்கியிருக்கு. கண்ணுக்குப் போற குழாயும் இப்படி அடைச்சா பார்வை போயிடும். போனது திரும்பாது."

குழாயில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும், ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது என்று அன்றே ஸ்டீராய்டு எழுதினாள். தினமும் காலையில் ஒரு கைப்பிடி வெள்ளை மாத்திரை.

"வலி உடனே போயிடும். போச்சேன்னு விட்டுடாதீங்க. குறைக்கிறதா இருந்தா நான்தான் குறைப்பேன்."

போயிற்று. மறுநாளே தலை லேசானது, தோள் தூக்க வந்தது. வாரங்கள் போக முகம் மட்டும் உப்பியது.

"என்ன மடிப்பம்மா, புருஷன் இல்லாத வீட்டுல யாரு இப்படி ஊட்டி விடுறது?" என்றாள் துவைக்கிற பக்கத்துக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

சம்பந்தி சிரிக்கவில்லை. விரிப்பின் மறுமுனையிலிருந்து, வலியில்லாமல் உயர்கிற அந்தத் தோளையே பார்த்தாள்.

"சம்பந்தி, எனக்கு முட்டி ரெண்டும் செத்துப்போச்சு. உங்க மாத்திரையில கொஞ்சம் குடுங்க."

"அது தலைக்கு உள்ளதாம்."

"வலிக்குத் தலை என்ன, கால் என்ன? முடங்கிட்டா வீட்டு வேலையெல்லாம் உங்க மக தலையிலதான விழும்."

அந்தக் கூடத்தில் வலி மாத்திரை கைமாறுவது ஊசி நூல் கைமாறுவது போலத்தான். யாரும் யாருக்கும் இல்லை என்றதில்லை. அதிலும் மகள் வாழ்கிற வீட்டுக்காரி கேட்டு மறுக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. காலைப் பங்கில் பாதியைத் தாளில் மடித்துக் கொடுத்தாள். சம்பந்தி குமரி மாதிரி நடந்தாள். மறுநாளும் கை நீட்டினாள். அதற்கடுத்த நாளும்.

"உங்களுக்குத்தான் சரியாயிடுச்சே சம்பந்தி."

சரியாகவில்லை. நெற்றிப்பொட்டில் அந்தக் கட்டைவிரல் திரும்ப வந்து உட்கார்ந்தது. சீப்பைத் தள்ளிவைத்துவிட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தாடை ஓய்ந்ததால் சோற்றைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தாள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டில் பேச்சு எழும், பேச்சு மகள் மேல் விழும்.

ஒரு காலை, முகம் கழுவித் துடைத்தபோது இடது பக்கம் எதுவும் தெரியவில்லை. துண்டை விலக்கினாள். அப்போதும் தெரியவில்லை.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். அவள் முகம் இறுகியது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

கட்டிலின் ஒரு பக்கம் மகள், கால்மாட்டில் சம்பந்தி.

"சாப்பிட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

"முழுசா சாப்பிட்டும் பார்வை போயிருக்குன்னா இந்த மருந்து உங்களுக்குப் பத்தல. வேற மருந்து யோசிக்கணும். அடுத்த கண்ணும் போகலாம்மா, இன்னைக்கோ நாளைக்கோ. அதனாலதான் கேக்குறேன். நிஜத்தைச் சொல்லுங்க."

மடிப்பம்மாவின் பார்வை கால்மாட்டுக்குப் போனது. மகள் மாமியாரையே பார்த்தாள்.

"அத்தை, உங்க முட்டி எப்படி நல்லாச்சு?"

சம்பந்தி முந்தானையைச் சுருட்டினாள்.

"கேக்குறேன்ல. அம்மாவுக்கு இன்னும் ஒரு கண்ணுதான் இருக்கு."

"பாதிப் பாதி வாங்கினேன்," என்றாள் சம்பந்தி. "பாதிதானே."

டாக்டரம்மா அதே மருந்தைப் பெரிய அளவில் நரம்பில் ஏற்றச் சொன்னாள். போகிற போக்கில் சம்பந்தியிடம், "நீங்களும் திடீர்னு நிறுத்தக்கூடாது. ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கணும், போகாதீங்க" என்றாள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நர்ஸ் வந்து வந்து வலது கண்ணுக்கு முன் விரல் நீட்டினாள். ஒவ்வொரு முறையும் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மடிப்பம்மா விரலை எண்ணிச் சொன்னாள். ஒரு தடவை தப்பாகச் சொல்லி, பிறகு திருத்தினாள். நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சம்பந்தி மருந்துக்கடைப் பை ஒன்றைத் தலையணைக்கு இடது பக்கத்தில் வைத்தாள். உள்ளே அதே வெள்ளை மாத்திரை, அட்டை அட்டையாக.

"வாங்கினதுக்கு மேலயே இருக்கு, சம்பந்தி. கணக்கு நேராயிடுச்சில்ல?"

மடிப்பம்மா பையைத் தடவிப் பார்த்தாள். தலையைத் திருப்பினால்தான் சம்பந்தி தெரிந்தாள். திருப்பினாள்.

"மாத்திரை வந்துடுச்சு," என்றாள். "கண்ணு பாக்கி."