கரண்டிக் கூடையில் ஒரு கத்தி

முப்பத்தொரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அங்கே எனக்கு வைத்த பெயர் ‘நொட்டை சார்’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்றாலும் எனக்குத் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் பெருமைதான் பட்டேன். பெரிய பெருமை, மண்ணாங்கட்டி.

ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வந்த பிறகு நொட்டை சொல்ல எனக்குக் கிடைத்தது பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றுதான். அதை நிரப்புவது மருமகள். தட்டு, கிண்ணம் எல்லாம் ஒழுங்காக அடுக்குவாள். ஸ்பூன்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொள்ளாதபடி முள்கரண்டிகளோடு கலந்து கூடையில் நிறுத்துவாள். அதில் நான் வாயைத் திறக்கவே முடியாது. தகராறு கத்தியில்தான் வந்தது. நுனி கீழே போக, பிடி மேலே நிற்கும்படி வைப்பாள்.

“நுனி கீழ இருந்தா தண்ணி எப்படிம்மா படும்? கறை அப்படியே நிக்குது பாரு” என்றேன் முதல் வாரத்திலேயே.

“படுற அளவுக்குப் படும் மாமா. கை போற எடத்துல கூர் நிக்கக் கூடாது” என்றாள்.

அவளுக்குத் தெரியாததா? ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். நாற்காலிப் பக்கத்தில் நின்று கேட்ட கருவியைக் கேட்ட நொடியில் எடுத்துக் கொடுப்பதும், ஊசியும் கொக்கியுமாக இருக்கிற அத்தனையையும் கழுவி அடுக்குவதும் அவள் பொறுப்பு. அவள் அடுக்கிய தட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையை விடலாம் என்று அந்த டாக்டரே ஒருமுறை என்னிடம் சொன்னார். ஆனால் நான் எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் ஆயிற்றே.

அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு வேறொன்று செய்தேன். காலையில் அவள் மெஷினை நிரப்பிவிட்டு, ஓட்டுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டுக் கிளம்புவாள். மகன் அதற்கு முன்பே போயிருப்பான். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்து போய்க் கத்திகளை எல்லாம் திருப்பி, நுனி மேலே நிற்கும்படி வைப்பேன். பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் துடைத்து டிராயருக்குள் போயிருக்கும்.

“பரவால்லயே, கத்தியெல்லாம் பளபளன்னு இருக்கே” என்று அவளே ஒருநாள் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. கத்திகளைத் திருப்பி வைத்துவிட்டு சோப்பு வில்லை எடுக்க அலமாரிப் பக்கம் போனேன். வாசல் கதவு திறந்தது. பஸ் நிறுத்தம் வரை போனவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“சாப்பாட்டு டப்பா மூடிய மெஷின்ல போட்டுட்டேன் மாமா!” என்று சொல்லிக்கொண்டே நேராகச் சமையலறைக்குள் போனாள்.

‘இரு’ என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நான் யோசித்த நேரத்தில், கரண்டிக் கூடைக்குப் பின்னால் கிடந்த மூடியை எடுக்க அவள் கையை விட்டுவிட்டாள். பார்க்காமல்தான் விட்டாள். அவள் நிரப்பிய கூடையில் அவள் எதற்குப் பார்க்க வேண்டும்?

உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே. ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். மகன் அலறியடித்துக்கொண்டு வந்தான். வந்த பயத்தில் அவள் மேலேயே பாய்ந்தான். “ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பியே, நீயே கத்திய இப்படியா வைப்ப?”

“கவுத்துத்தான் வெச்சேன்னு நெனச்சேன். மூடிய மறந்தவதானே, இதையும் மாத்தி வெச்சிருப்பேன்” என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்களையும் பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்கோங்க மாமா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவால்லம்மா, தப்பு எல்லாரும் பண்றதுதான்” என்றேன். பாவி, நான் அவளை மன்னித்தேன்!

கை இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. விரலெல்லாம் நன்றாக மடங்கியது. ஆனால் தன் கையையே அவள் நம்பாமல் போனாள். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை போய்ப் பார்த்தாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்குவாள். பாதியில் ஏறி வந்து மறுபடி இழுப்பாள். டாக்டரிடம் தானே கேட்டு வரவேற்பு மேசைக்கு மாறிக்கொண்டாள். “ஒருத்தர் வாய்க்குள்ள கூரானத வெச்சிட்டு நான் மறந்து நின்னா என்ன ஆகும்?” என்பாள்.

அதன்பிறகு நான் மெஷின் பக்கமே போகவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை அவள் எதிரே உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் மென்று முழுங்கினேன். தள்ளிப்போடப் போடச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் டாக்டர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். மூத்த உதவியாளர் வேலையை விட்டுப் போகிறார், அந்த இடத்துக்கு நீதான் வர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றாராம். வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ‘என்னால் முடியாது’ என்று அவருக்கு மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அனுப்பாதம்மா” என்றேன். “அந்தக் கத்திய நீ மாத்தி வைக்கல. நான்தான் திருப்பி வெச்சேன்.”

“அன்னிக்கா?”

“தினமும். நீ கிளம்பினதும்.”

“அப்பா!” என்று எதிரே உட்கார்ந்திருந்த மகன் கத்தினான். அவள் கத்தவில்லை. கையை விரித்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் சரியாத்தான் வெச்சேனா?”

“சரியாத்தான்மா வெச்ச.”

“ஆஸ்பத்திரில உங்ககிட்ட நான் மன்னிப்பு கேட்டேனே மாமா.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மெசேஜை அழித்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். “நாளைக்கே அந்த எடத்துக்கு வரேன் சார்” என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

இப்போது மறுபடியும் நாற்காலிப் பக்கத்தில் நிற்கிறாள். கதவை ஒரே தடவைதான் பூட்டுகிறாள். என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. மாமா என்றுதான் கூப்பிடுகிறாள், காபியைச் சூடாகத்தான் கொடுக்கிறாள். காலையில் கத்திகளை நுனி கீழே வைத்து, மெஷின் கதவைச் சாத்தி, பொத்தானையும் தானே அழுத்துகிறாள். அப்படியும் கிளம்புவதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உள்ளே தண்ணீர் பாயும் சத்தம் கேட்கிற வரை மெஷின் முன்னால் நிற்கிறாள். இதனால் ஏழே முக்கால் பஸ் தினமும் போய்விடுகிறது.

“பஸ் போயிடும்மா. நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்” என்று நேற்று ஹாலில் இருந்தபடியே சொன்னேன்.

“பரவால்ல மாமா, போகட்டும்” என்றாள்.