வெண்கலப் பதக்கத்தின் தாகம்

தையற்காரர் கன்னையா சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால், அவருடைய உடம்பை ஊடுருவிய வெயில் எதிர்ச்சுவரில் ஏழு இடங்களில் விழும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிக் கடை வைத்திருந்த அவரை யாரும் ஒருபோதும் சுட்டதில்லை. ஜெர்மன் சண்டை முடிந்த மறு ஆண்டு, கிள்ளானில் வட்டிக்கடை நடத்திய மீனாட்சிசுந்தரம் செட்டியார், தோட்டத் துரைமாரைப் பார்த்துத் தாமும் போரில் இறந்தவர்களின் பதக்கங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். அவற்றுக்குப் புது நாடா தைக்கும் வேலை கன்னையாவுக்கு வந்தது. நாடாவின் நீளம் பார்ப்பதற்காக முதல் பதக்கத்தைத் தம் சட்டையில் குத்திக்கொண்டபோது, இடது தோளுக்குக் கீழே விரல் நுழையும் அளவில் ஒரு துளை விழுந்தது. வலியும் இல்லை, இரத்தமும் இல்லை. பதக்கத்தை விற்ற பஞ்சாபிக் கிழவர், தம் மகனுக்கும் அதே இடத்தில்தான் குண்டு பாய்ந்தது என்று கூறி, துளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து வந்த உண்மைப் பதக்கங்களும் தலா ஒரு துளை இட்டன; சிங்கப்பூரில் வார்த்த போலிகள் எந்தத் துளையும் இடவில்லை. அதன் பின்னர், கன்னையாவின் மார்பில் குத்திப் பார்க்காமல் செட்டியார் எந்தப் பதக்கத்தையும் வாங்கியதில்லை.

தண்டவாளம் போடும் கூலியாகப் பஸ்ராப் போர்முனைக்குக் கப்பலேறிய சின்னையாவின் பெயர் விளிம்பில் பொறித்த பதக்கம் ஒன்று, எந்தச் சேதியும் இல்லாமல், அவன் மனைவி சீதாலெட்சுமிக்குத் தபாலில் வந்தது. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. செட்டியார் கன்னையாவின் கடைக்கு வந்திருந்த ஒரு முற்பகலில் அவள் அதைக் கொண்டுவந்தாள்.

"அண்ணே, விக்க வரல. அவரு இருக்காரா இல்லையா, அது ஒண்ணு சொன்னாப் போதும்."

செட்டியார் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "வெண்கலமாவுல்ல இருக்கு. ராசா வெள்ளியிலதான் குடுப்பாரு. இத உருக்கினா ஒரு குத்துவிளக்குத் திரிக்குழி வரும்."

கன்னையா அதை மார்பில் குத்திக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். துளை விழவில்லை. "இது போலிதான் தங்கச்சி. உம்புருசன் எங்கயோ நல்லாத்தான் இருக்கான்" என்று அவர் சொன்னதும், அவள் அன்றைக்கே மஞ்சள் வாங்கிப் புதுத் தாலிக்கயிறு கட்டிக்கொண்டாள்.

அன்று மாலையே கன்னையாவுக்குத் தாகம் எடுத்தது. கருவாட்டின் மேல் பழி போட்டார். பானை தீர்ந்தது, ஒரு மாதத்தில் கொல்லைக் கிணற்றில் சேறு தெரிந்தது, ரயில்வே குழாயடியில் பெண்கள் அவரைக் கண்டால் குடத்தை இடுப்புக்குப் பின்னால் மறைத்தார்கள். குடித்த நீரெல்லாம் ஏழு துளைகளின் வழியே ஒழுகியதால் கடையின் தரை காய்ந்ததே இல்லை. தைக்கக் கொடுத்த துணிகளில் பூஞ்சை பிடித்தது; வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். நனைந்துகொண்டே இருந்த அந்த மனிதரின் நாக்கு மட்டும் வெடித்துக் கிடந்தது. அடுத்த ஆண்டு, பஸ்ராவில் இருந்து திரும்பி வங்கி வாசலில் காவலுக்கு நின்ற சீக்கியர் ஒருவர், சிப்பாய்க்கு வெள்ளி, கூலிக்கு வெண்கலம் என்று செட்டியாரிடம் சொன்னார். தண்ணீர் வண்டி வந்து சேராத மணற்காட்டில் கூலிகள் குண்டுபடாமலே செத்தார்கள் என்பதையும் அவர்தாம் சொன்னார். செட்டியார் அதைக் கன்னையாவிடம் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கடைப் பக்கம் வரவில்லை.

கன்னையா ஈரம் சொட்டச் சொட்டச் சீதாலெட்சுமியின் வாசலுக்குப் போய் நின்று விவரத்தைக் கூறினார்.

"ஓட்டை எங்க? காட்டுங்க" என்றாள் அவள்.

"தாகத்துக்கு ஏதும்மா ஓட்டை?"

"அன்னைக்கு இருக்காருன்னீங்க. இன்னைக்கு இல்லேங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?" கதவு சாத்தப்பட்டது.

பதக்கத்தை அவர் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டார். தாகத்தைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அவள் பொட்டோடும் பூவோடும் அந்தக் கடையைக் கடந்து வேலைக்குப் போனாள். உள்ளே திரும்பிப் பார்த்ததில்லை. கன்னையா படுத்துவிட்டார் என்றும், இன்னும் இரண்டு நாள் தாங்காது என்றும் தெருவில் பேசிக்கொண்டபோதுதான் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். சுருங்கிக் கறுத்திருந்த அந்த உதடுகளைப் பார்த்தாள். பிறகு, "இப்படித்தான் கெடந்தாரா?" என்று கேட்டாள். அவரால் பேச முடியவில்லை; தலையை மட்டும் அசைத்தார். அவள் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் ஏற்றி, நீரைச் சிறிது சிறிதாக வார்த்தாள். அந்த நீர் எந்தத் துளையிலும் ஒழுகவில்லை. செம்பு தீர்ந்ததும் கன்னையா, "போதும்" என்றார். மூன்று ஆண்டுகளில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் முறை. சீதாலெட்சுமி செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையால் தன் பொட்டைத் தானே அழித்தாள். அழுகை பிறகு வந்தது.

தாகம் அமாவாசைக்கு அமாவாசை திரும்பியது, அவளும் வந்தாள். நீர்க்கடனை ஆண்பிள்ளைதான் செலுத்த வேண்டும் என்று கோயில் பூசாரி கண்டித்தபோது, "குடிக்கிறவரு கேக்கலியே சாமி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நாளடைவில் காப்பாரிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் தோட்டத்துப் பெண்கள் வெண்கலப் பதக்கங்களோடு வந்தார்கள். கன்னையா ஒவ்வொன்றையும் குத்திக்கொண்டு, அவர்கள் வார்த்ததைக் குடித்தார். பதக்கம்கூட வந்து சேராதவர்கள் செம்பை மட்டும் கொண்டுவந்தார்கள். அவர்களையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. கடையின் தரை காய்ந்து வாடிக்கையாளர்கள் திரும்பியிருந்தார்கள்; அமாவாசையன்று கேட்ட துணி மறுநாள்தான் கிடைக்கும் என்பதை பிரிக்பீல்ட்ஸில் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.