மருந்துக்கடை யூலியா காலமானாள்

திருப்பிக் கரண்டியின் முனையைக் கம்பத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே செருகி, ஒரே இழுப்பாக இழுத்தாள் வாஸ்கா. பாதி முகம் கையோடு வந்தது. மீதி, ஒரு கண்ணும் கன்னமும், கம்பத்திலேயே ஒட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"வந்து தொலையேன்டி!" என்று நகத்தால் சுரண்டினாள். பசை இன்னும் ஈரம். நவம்பர் மழை வேறு. காகிதம் கூழாகி நகக்கண்ணில் ஏறியது.

மணி பதினொன்று பத்து. வார்ஷெட்ஸ் பஸ் பன்னிரண்டே முக்காலுக்கு. அதற்குள் பஸ் நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள ஒவ்வொரு கம்பத்தையும், மரத்தையும், கடைக் கதவையும் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த பஸ்ஸில் அம்மா வருகிறாள். எழுபத்தெட்டு வயது, பலவீனமான இதயம். அதற்காகத்தான் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை என்று பத்து நாள் வார்ஷெட்ஸ் போயிருந்தாள். இறங்கியதும் அவள் கண்ணில் படும் முதல் காட்சி, கறுப்புக் கட்டம் போட்ட காகிதத்தில், சிலுவைக்குக் கீழே, தன் சின்ன மகளின் முகமாக இருந்தால்? மழலையர் பள்ளிச் சமையலறையில் பீன்ஸ் சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு, ஏப்ரனோடு ஓடி வந்திருந்தாள் வாஸ்கா.

டான்யூப் கரை லோம் ஊரில் செத்தவர்கள் கம்பங்களில்தான் குடியிருப்பார்கள். செத்த அன்று ஒரு காகிதம், நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, அப்புறம் வருடா வருடம். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, கடைவீதி மரங்கள் எல்லாம் காகிதச் சட்டை போட்டிருக்கும். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நின்று படித்து, சிலுவைக் குறி போட்டு, நடப்பார்கள். யாரும் கிழிப்பதில்லை. செத்தவர் காகிதத்தில் கை வைப்பவளை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை இந்த அரை மணி நேரத்தில் வாஸ்கா நன்றாகவே தெரிந்துகொண்டாள்.

"அடி வாஸ்கா! உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?"

எதிர் வீட்டு பென்கா. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தட்டு. தட்டில் அவித்த கோதுமை, மேலே சர்க்கரை. செத்தவர் ஆத்மாவுக்குக் கொடுப்பது.

"யாருக்கு இது?"

"யூலியாவுக்குத்தான். நேத்து ராத்திரி பூரா அழுதேன். காலைல பாத்தா காகிதமே ஒட்டிட்டாங்க. மனசு கேக்கல, ஒரு கை கோதுமை போட்டு அவிச்சேன்."

"பென்கா, யூலியா டிவி தொடர்ல வர்ற பொம்பளைடி! நடிச்சது என் தங்கச்சி. தங்கச்சி உயிரோட இருக்கா!"

"அது எனக்குத் தெரியாதா?" பென்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதுக்காக? ஒன்பது வருஷம் நம்ம வீட்டுக்குள்ள வந்து போனவளுக்கு ஒரு கை கோதுமை கூடாதா? இந்தா, வாயத் தொற."

வாஸ்கா வாய் திறந்தாள். மறுத்தால் இன்னும் ஐந்து நிமிடம் போகும்.

ஒன்பது வருடம். தங்கையின் பெயர் செவெரினா, வீட்டில் ரினா; அது ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. மருந்துக்கடை யூலியா என்றால் குழந்தைக்கும் தெரியும். விடுமுறைக்கு வந்தால் கிழவர்கள் வாசலில் நின்று, "யூலியாம்மா, இந்த ரத்த அழுத்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்பார்கள். அவளும் முகம் கோணாமல், "பின்னாடி தாத்தா, டாக்டரையும் கேட்டுக்கோங்க" என்பாள். அதற்கு முன் இருபது வருடம் மேடை. மாகாண நாடகக் குழுவின் ஓட்டை பஸ்ஸில், டான்யூப் கரைக் கிராமங்கள் எல்லாம் சுற்றியவள். கணப்பில்லாத கூடங்களில், கோடைக்கால உடைக்குள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பார்வையாளர்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்க, மூச்சு புகையாக வர வர, 'என்ன வெயில்!' என்று விசிறிக்கொண்டவள். பணிப்பெண், பக்கத்து வீட்டுக்காரி, இரண்டாம் மனைவி. கதாநாயகி வேடம் வந்தபோது நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. அது நாடகமல்ல, தொடர். மேடை அவளுக்கு முட்டிவலியைக் கொடுத்தது. தொடர் இன்னொருத்தியின் பெயரைக் கொடுத்தது.

ஆனால் அவளுடைய முதல் வேடம் அதற்கெல்லாம் முந்தியது என்று அம்மா சொல்வாள். வாஸ்காவுக்குப் பின் பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை. அடுத்து ரினா பிறந்ததும் மூச்சுத் திணறல். ஒன்பதாம் நாள் விடியலில் அம்மா அவளைத் துணியில் சுற்றி நாற்சந்தியில் வைத்துவிட்டு, வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இது யாருமில்லாத குழந்தை, இந்த வீட்டுக் குழந்தை அல்ல என்று சாவு நம்ப வேண்டுமாம். முதலில் வந்த பால்காரி எடுத்தாள், வாய்க்கு வந்த பெயரை வைத்தாள். செவெரினா. "பொறந்த ஒன்பதாம் நாளே அநாதையா நடிச்சவ" என்று விருந்துகளில் அப்பா சொல்லிச் சிரிப்பார். யூலியாவும் அநாதை விடுதியில் வளர்ந்தவள்தான். வேடம் கிடைத்தபோது ரினாவே போன் செய்து சொன்னாள்: "அக்கா, அனுபவம் உள்ள ஆளு வேணும்னாங்க, என்னைத்தான் கூப்பிட்டாங்க."

நேற்று இரவு யூலியா செத்துப்போனாள். மருத்துவமனைக் கட்டில், தலையில் நீலத் துணி, கன்னம் ஒட்டி, தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்க. நாடே அழுதது. வாஸ்கா அழவில்லை. அவளுக்கு எரிச்சல் வந்தது. அம்மாவின் மாத்திரை, கூரை ஒழுகல், பள்ளிக்கூடத்து நூறு தட்டு எல்லாம் தனக்கு, கைதட்டல் அங்கே. செய்தி அனுப்பினாள்: 'சாகிறது உனக்கு நல்லாவே வருது. மேக்கப்தான் கொஞ்சம் ஓவர்.' வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: 'ஆமா அக்கா. கொஞ்சம் ஓவர்தான்.'

பதினேழாவது காகிதத்தில்தான் வாஸ்கா படத்தை ஒழுங்காகப் பார்த்தாள். தொடரில் வரும் முகம் அல்ல அது. இருபத்திரண்டு வயது ரினா, முதல் நாடகத்தன்று, நாடகக் கொட்டகையின் பின்வாசலில். பக்கத்தில் நின்ற ஆளை வெட்டியிருந்தார்கள். தோளில் நான்கு விரல் மட்டும் மிச்சம். அது வாஸ்காவின் கை. அந்தப் படத்தின் ஒரு பிரதி வீட்டுச் சுவரில் தொங்குகிறது, இன்னொன்று ரினாவிடம். அப்படியானால் அவளேதான் டிவிக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறாள், என்னை வெட்டிவிட்டு. கீழே வாசகம்: 'எங்கள் யூலியா போய்விட்டாள். அழுது நிற்கும் அம்மா, அக்கா.'

கரண்டி நின்றது.

யூலியாவுக்கு ஏது அம்மா? ஏது அக்கா?

சவ அடக்கக் கடை நடத்தும் ம்லாடென்தான் ஊரில் இந்தக் காகிதங்களை அச்சடிப்பவர். வாஸ்கா கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் மெழுகுவர்த்திகளை உயரப்படி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு ஒட்டச் சொன்னது?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா. இது துக்க சமாச்சாரம்."

"துக்கமா? செத்தது டிவில!"

"டிவியோ தெருவோ, எனக்கு ஆர்டர் ஆர்டர்தான். கவர் சோஃபியா பஸ் டிரைவர் கையில வந்துச்சு. படம், வாசகம், எல்லாம் உள்ளயே இருந்துச்சு. திங்கக்கிழமை விடியறதுக்குள்ள ஒட்டணும், நாலு தெருமுனை ஒன்னு விடாம. நாப்பதாம் நாளுக்கும் சேத்தே சொல்லியாச்சு." கொஞ்சம் தயங்கினார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன் வாஸ்கா."

"எது தெரியும்னு?"

அவர் மெழுகுவர்த்திக்குத் திரும்பிக்கொண்டார்.

சோஃபியா பஸ். ரினா இருப்பது அங்கேதான். அவளேதான் அனுப்பியிருக்கிறாள். விளம்பரத்துக்காகப் பெற்ற தாயின் இதயத்தோடு விளையாடுகிறாளா? தெருவில் நின்று போன் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. கோபம் கைக்கு வலுவைக் கொடுத்தது. தபால் நிலையம், ரொட்டிக்கடை, மணிக்கூண்டு, நாற்சந்தியின் நான்கு கம்பங்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு பஸ் நிலையத்தில் நின்றபோது, வாளியில் முப்பத்தொரு முகங்கள் மழைநீரில் ஊறிக்கொண்டிருந்தன.

பஸ் வந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். அம்மா இல்லை.

"வார்ஷெட்ஸ்ல யாரும் விட்டுப் போகலியே" என்றார் டிரைவர். "எல்லாரையும் ஏத்திக்கிட்டுத்தான் வந்தேன்."

வாஸ்கா வாளியோடு வீட்டுப் பக்கம் ஓடினாள். நாற்சந்தியை நெருங்கும்போது பார்த்தாள். ரயில் நிலையம் இருக்கும் பக்கத்திலிருந்து, கறுப்புக் கோட்டில், சின்ன பெட்டியோடு அம்மா வந்துகொண்டிருந்தாள். சோஃபியா ரயில் வருகிற வழி அது. ஒவ்வொரு கம்பமாக நின்று, அண்ணாந்து பார்த்து, கையால் தடவி, அடுத்ததற்கு நகர்ந்தாள். நாற்சந்தியின் கடைசிக் கம்பத்துக்கு வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா! ஒன்னுமில்லம்மா, பயப்படாத, எல்லாத்தையும் நான் எடுத்துட்டேன்..."

அம்மா வாளியைப் பார்த்தாள். அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா?"

"ஒன்னு விடாம."

"நீயாடி? நீயா கிழிச்ச?"

அப்போதுதான் பெட்டியின் கைப்பிடியில் கட்டியிருந்த நீலத் துணியை வாஸ்கா கவனித்தாள். நேற்றுத் திரையில் பார்த்த அதே துணி.

"இது... ஷூட்டிங்ல குடுத்ததா?"

"ஷூட்டிங் துணி இல்ல. அவளோடது." அம்மா அதை அவிழ்த்து மடியில் வைத்து நீவிவிட்டாள். "நான் வார்ஷெட்ஸ் போகலடி. பத்து நாளும் சோஃபியா ஆஸ்பத்திரில, அவ கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருந்தேன். அக்காகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா. யூலியாவை சாகடிச்சிடுங்கன்னு அவதான் டிவிக்காரங்ககிட்ட கேட்டிருக்கா, நடிக்கத் தெம்பு இருக்கறப்பவே. அந்தக் கடைசி காட்சியில அவளுக்கு மேக்கப்பே போடல."

மழை வலுத்தது. வாஸ்காவின் வாயில் பென்காவின் கோதுமை இன்னும் இனித்தது.

"பொறந்த ஊர்லதானே சாவு மொதல்ல தேடும்" என்றாள் அம்மா, யாரிடமோ பேசுவது போல. "அதான் ஒட்டச் சொன்னேன். இந்த முகம் ஏற்கெனவே போயாச்சுன்னு நாலு முனையிலயும் பாத்தா, திரும்பிடும்னு நெனச்சேன். ஒரு தடவ ஏமாந்துச்சே அது. இதே எடத்துல."

வாஸ்கா முழங்காலிட்டு வாளிக்குள் கைவிட்டாள். கண் தனியாக, வாய் தனியாக, கூழாக வந்தது. அடியில் ஒன்று, ரொட்டிக்கடைக் கண்ணாடியிலிருந்து உரித்தது, முழுசாக இருந்தது. பின்பக்கம் பசை கொஞ்சம் வழுவழுத்தது. அதைக் கம்பத்தில் வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, காற்றுப் போகத் தேய்த்தாள். மூலை எழும்பியது. மறுபடி தேய்த்தாள்.

"படத்தை வெட்டினது நானில்ல" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "அவதான், ஆஸ்பத்திரிக் கத்தரியால. அக்கா முகம் இதுல வரக் கூடாது, கை மட்டும் இருக்கட்டும்னா."

தோள்மேல் இருந்த நான்கு விரல்களின் மேல் வாஸ்கா தன் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் காகிதம் விழுந்துவிடும்.