சத்து மாத்திரை

"சத்து மாத்திரைகூட ஒத்துக்காத உடம்பா இது!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

பாதி தைத்த பள்ளிச் சீருடை மெஷின் ஊசியிலேயே தொங்க, தையல்காரி தரையில் சரிந்து மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தாள். உதடு தடித்துவிட்டது. கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து அரித்தது. அவள் புருஷன் ஊர் ஊராகப் போய் ஹோட்டல் குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். சத்தத்தை வைத்தே எந்த மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற கெட்டிக்காரன். இப்போது பெண்டாட்டி இரைக்க இரைக்க, என்ன கோளாறு என்று தெரியாதவன்போல நின்றான்.

மாத்திரை அவன் கொடுத்ததுதான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு தந்தவனில்லை. அன்று காலையில் ஒரு கையில் தண்ணீரும் மறு உள்ளங்கையில் மாத்திரையுமாக வந்து நின்றான். "பிள்ளை தங்கறதுக்குச் சத்து மாத்திரை. டாக்டர் எழுதிக் குடுத்தாரு" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மலடி என்று ஜாடையாகவும் நேராகவும் மாமியார் சொல்லிச் சொல்லிக் காட்டிய வீட்டில், நமக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்திலேயே விழுங்கினாள். பாவி மகள், அட்டை எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே கேட்டாள். "என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"சத்து மாத்திரைங்க."

"பேரு?"

"ஞாபகமில்லைங்க."

"அட்டை எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"என் புள்ள ஆசையா வாங்கியாந்து குடுத்தான் டாக்டர். இவளுக்குக் குடுத்துவைக்கல" என்றாள் மாமியார், பக்கத்தில் நின்று.

கட்டிலில் கிடந்தவளுக்கு ஒரு பழைய விஷயம் நெஞ்சில் முட்டியது. சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு இப்படித்தான் முகமெல்லாம் வீங்கி, பிழைத்ததே பெரும்பாடு. கல்யாணமான புதிதில் புருஷனிடம் சொல்லியிருந்தாள். 'ஊசிக்குப் பயந்து கதை விடுறியா' என்று சிரித்தான் அவன். அதையாவது இப்போது சொல்லுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மாமியாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மெக்கானிக்கின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போயிற்று. அட்டை வெளியே வந்தது.

டாக்டர் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "இது சத்து மாத்திரையா? ஆன்டிபயாடிக். பென்சிலினுக்குப் பங்காளி. எதுக்கு வாங்குனீங்க?"

"வெளியூர்ல ஒரு தடவை... தப்பு பண்ணிட்டேன். நோய் வந்துடுச்சு. அந்த டாக்டரு சம்சாரத்தையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. நான் என் மாத்திரையை முழுசா முடிச்சுட்டேன். எனக்குக் குணமாயிடுச்சு. அதையே இவளுக்கும் வாங்கிக் குடுத்துட்டா ஆச்சுன்னு..."

"கூட்டிட்டு வரச் சொன்னதே, இந்தப் பொண்ணுக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு கேட்டுக் குடுக்கத்தான்யா. உயிரு போயிருக்கும். அத்தனை தடவை கேட்டேன், பையிலேயே வெச்சுக்கிட்டா நின்னீங்க?"

"அம்மா நின்னாங்க, டாக்டர்."

ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. மூச்சு ஒழுங்காக வந்தது. கண்ணை மூடிக்கிடந்த தையல்காரிக்கு எல்லாம் கேட்டது. நோயைக்கூடப் பொறுத்திருப்பாள். அம்மா நின்றதற்காக அவளைச் சாகவிடத் துணிந்தானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அந்த மாத்திரையின் பேரைச் சீட்டில் எழுதி அவள் கையில் வைத்தாள். "உனக்கும் டெஸ்ட் எடுத்திருக்கு. வேற மருந்து தரேன். உடம்பு தேவலைன்னு பாதியில நிறுத்திடக் கூடாது. பிள்ளை தங்காததுக்கு இந்த நோயும் காரணமா இருக்கலாம், பார்ப்போம். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. என்ன சாப்பிட்டு இப்படி ஆச்சுன்னு யார் கேட்டாலும் இந்த மாத்திரை பேரைச் சொல்லணும். வெக்கப்பட்டு மறைச்சா உன் உயிருக்குத்தான் ஆபத்து."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மெக்கானிக் குழைந்தான். "சத்து மாத்திரை ஒத்துக்கலன்னே இருக்கட்டும். அம்மாவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும். உன் கால்ல வேணா விழறேன்." அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். கல்யாணத் தரகு பார்ப்பவள். அவள் காதில் விழுந்தது ஊருக்கே கேட்டுவிடும் என்பதால் தெரு அவளுக்கு வைத்த பேர் தந்தி. மருமகள் வருவது தெரிந்தும் மாமியார் குரலைக் குறைக்கவில்லை.

"இனிமே இவளால ஆகாது. நீ சொன்ன அந்தப் பொண்ணு வீட்டுல பேசிடு. என் புள்ள உடம்பு கல்லு மாதிரி இருக்கு, ஒரு குறை சொல்ல முடியாது."

மெக்கானிக் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான். பெண் பார்க்கிற பேச்சு அவனுக்குப் புதிதில்லை என்று அந்த முதுகைப் பார்த்ததுமே தையல்காரிக்குப் புரிந்துவிட்டது.

தந்தி உச்சுக் கொட்டினாள். "அப்படி என்னம்மா மாத்திரை சாப்பிட்டே?"

"சத்து மாத்திரை" என்று தாயும் மகனும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

"இல்லைக்கா" என்றாள் தையல்காரி. மாத்திரையின் பேரை நிதானமாக, எழுத்துக்கூட்டாத குறையாகச் சொன்னாள். எந்த நோய்க்கு என்று சொன்னாள். நோய் யாருக்கு முதலில் வந்தது என்பதையும் சொன்னாள்.

மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய மறு நிமிஷமே மருமகள் பக்கம் திரும்பிச் சீறினாள். "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். அதை வெளியில சொல்றதுக்கு உனக்கு வெக்கமா இல்ல?"

"யார் கேட்டாலும் சொல்லச் சொல்லியிருக்காங்க, அத்தை. மறைச்சா என் உயிருதான் போகுமாம்."

அவள் மெஷினில் மாட்டியிருந்த சீருடையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். கையால் சுற்றும் அந்தச் சின்ன மெஷினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் தந்தியிடம் திரும்பினாள்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு முதல்ல கேட்டு வெச்சுக்குங்க. இவரு கேக்க மாட்டாரு."