வாயை மூடிக்கிட்டுக் குடி

தலையணையை மூன்றாவது முறையாகத் தட்டி வைத்தான் பஸ் டிரைவர். "போதுமாக்கா?" குரல் குழைந்திருந்தது.

அக்கா கண்ணைத் திறந்து அவனை உற்றுப் பார்த்தாள். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கண்.

"காலையில டாக்டர் உன்னை வெளிய கூப்பிட்டு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லக்கா. நீ தேறிடுவன்னாரு."

"பொய். நேத்து வரைக்கும் எரிஞ்சு விழுந்தவன் இன்னைக்குத் தேனா ஒழுகுற. உன் பொண்டாட்டி எதுக்கெடுத்தாலும் சரிங்க அண்ணிங்கிறா." மூச்சு வாங்கியது. "செத்தவகிட்ட பேசுற மாதிரி பேசாதீங்கடா."

சமையலறையில் மனைவி குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். இன்றைக்கு மட்டும் அக்காவிடம் யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று அவன்தான் சொல்லியிருந்தான். அக்கா குறை சொல்வது, முடிவெட்டிய பின் காலருக்குள் தங்கிவிட்ட முடி மாதிரி ஐம்பது வருஷமாக அவனை உறுத்தியது. அவள் நாலு நாள் இல்லாவிட்டால் வீடு செத்துக் கிடக்கும்.

அவன் போய்க் குழாயை மூடினான். "நடிச்சது போதும்" என்றான் மனைவியிடம்.

மருந்தோடு வந்து உட்கார்ந்தான்.

"கரண்டியை இப்படியா பிடிப்பாங்க? சிந்துது பாரு."

"நீ தலையை ஆட்டினா சிந்தாம என்ன செய்யும்? வாயை மூடிக்கிட்டுக் குடி!"

"வாயை மூடிக்கிட்டு எப்படிடா குடிக்கிறது? பேசுறதுலயும் பிழை."

அவன் குரலை நடுங்க விடவில்லை. "எல்லாம் தெரிஞ்ச மேதாவி, குடி."

அக்காவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. குடித்தாள்.

அதன்பிறகு மின்விசிறிக்காகச் சண்டை, போர்வைக்காகச் சண்டை. அவள் பதில்கள் குறுகிக்கொண்டே வந்தன. அவன் விடவில்லை. நாலரை மணிக்கு, "ஜன்னலைத் திறக்கணுமா, மூடணுமா? ஒரு முடிவுக்கு வா" என்றான். பதில் இல்லை. அதே எரிச்சலோடு இன்னொரு முறை கேட்டான். பிறகு கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி மெல்லக் கேட்டாள்: "கடைசி நேரத்துலகூடத் திட்டிக்கிட்டிருந்தீங்களாமே?"

"ஆமா" என்றான்.

மாடிப்படி வளைவு குறுகலாக இருந்தது. அக்காவைத் தூக்கியவர்கள் தடுமாறினார்கள். தலைமாட்டைப் பிடித்திருந்த அவன் தெருவே அண்ணாந்து பார்க்கும்படி கத்தினான்.

"கண்ணு எங்கய்யா இருக்கு? சுவத்துல இடிக்காதீங்க! அவ திட்டப்போறா!"

கீழ்ப்படியில் நின்றவன் முகம் சுளித்து, "சரி, சரி" என்று முணுமுணுத்தபடி அடுத்த படியைக் காலால் தேடினான்.