ஏழு மில்லிமீட்டர்தான் கேட்டேன்

அந்தத் துப்பாக்கி, எப்போதோ சிலி நாட்டுப் படைக்காக ஜெர்மனியில் செய்த மாசர் வகை. படை கழித்துவிட்டதை அப்பா தபாலில் வரவழைத்தார். எங்கள் மான்டனாவில் அந்தக் காலத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள். அப்பா போன பிறகு நிலத்தையும் மாடுகளையும் நானும் தம்பி வெர்லும் பிரித்துக்கொண்டோம். துப்பாக்கி மட்டும் ஆர்டிஸுக்கு, அதாவது எனக்கு, என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். எல்க் மான் வேட்டைக்கு அவரோடு மலையேறியவள் நான்தான். வெர்லுக்குக் குளிர் ஆகாது.

குழலின் உள்ளே துரு தின்றிருந்தது. தலைக்குக் குறிவைத்தால் குண்டு புதருக்குப் போனது. புதுக் குழல் போட்டே ஆக வேண்டும். குழல் மாற்றும்போது வேறு அளவுத் தோட்டாவுக்கும் மாறிக்கொள்ளலாம் என்பதால், அந்த ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் இருந்த மேசையில் சண்டை ஆரம்பித்தது.

"முந்நூற்றெட்டு அளவுத் தோட்டாவுக்கு மாத்துக்கா," என்றான் வெர்ல். " எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும். பழைய ஏழு மில்லிமீட்டருக்கு நீ எங்க போய் அலைவ?"

"நான் அலையறேன். உனக்கென்ன?"

"ஏழு மில்லிமீட்டர்லாம் தாத்தா காலத்துத் தோட்டா."

"துப்பாக்கியும் தாத்தா காலத்துதான். முந்நூற்றெட்டோட அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி. அந்த இரும்பு தாங்காது. தாங்கினாலும் என் தோள் தாங்காது."

குதிரை உதைத்து என் காறை எலும்பு முறிந்தது அவனுக்கும் தெரியும். சிரித்தான். "அப்ப துப்பாக்கிய என்கிட்ட குடுத்துட்டு நீ சமையல பாரு."

அவன் மனைவி பெர்னிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டாள். மறுநாளே நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் டெல்மார் க்விஸ்டிடம் போனேன். துப்பாக்கி முதலில் எந்தத் தோட்டாவுக்குச் செய்யப்பட்டதோ அதே ஏழு மில்லிமீட்டர்தான் வேண்டும் என்றேன். "நல்ல முடிவு. இந்தத் துப்பாக்கியோட உடலுக்கு அதுதான் சரி," என்று அவரும் தலையாட்டினார்.

புல் அறுப்பு முடிந்து வாங்கப் போனேன். குழல் அழகாகத்தான் இருந்தது. துணியால் எண்ணெயைத் துடைத்தேன். பக்கவாட்டில் முந்நூற்றெட்டு என்று பொறித்திருந்தது.

"இது யாரோடது?" என்றேன்.

"உன்னோடதுதான்."

"நான் ஏழு மில்லிமீட்டர்தானே கேட்டேன்?"

"வெர்ல் வந்தான்மா. அக்கா மனச மாத்திட்டா, முந்நூற்றெட்டே போடச் சொல்றான்னு சொன்னான்."

"எனக்கு ஒரு போன் பண்ணினீங்களா?"

"தம்பிதானே சொல்றான்னு..."

"தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தோட்டாவுல வெடிமருந்து கம்மியா போட்டுச் சுட்டா பிரச்சினை வராதுன்னு அவன்கிட்ட சொல்லித்தான் செஞ்சேன்."

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தூண்டில் வாங்க வந்த ஒருவர் வாங்காமலே வெளியே போனார். துப்பாக்கியோடு நேராக வெர்லின் வீட்டுக்கு ஓட்டினேன்.

அவன் வெட்கப்படவே இல்லை. "ஒரு தடவ சுட்டுப் பார்த்துட்டுத் திட்டு," என்று துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போனான். பையிலிருந்து எடுத்தது கடையில் விற்கும் முழு மருந்துத் தோட்டா.

"க்விஸ்ட் கம்மி மருந்துதான் போடச் சொன்னாராமே?"

"அவர் ஒரு பயந்தாங்கொள்ளி."

முதல் சில குண்டுகள் இலக்கில் ஒட்டினாற்போல் விழுந்தன. "பார்த்தியா?" என்றான். அடுத்ததற்கு, தோட்டா மாற்றத் தூக்கும் போல்ட் கைப்பிடி மேலே எழவில்லை. உள்ளங்கையால் அடித்துத் திறந்தான்.

"நிறுத்து வெர்ல். உள்ள ஏதோ நசுங்குது."

"புதுசு, அப்படித்தான் இறுக்கமா இருக்கும்."

"நிறுத்துடா. அது என் துப்பாக்கி."

சுட்டான். சத்தம் வேறு மாதிரி வந்தது. துப்பாக்கி கீழே விழுந்தது. வெர்ல் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலிட்டான். தோட்டாவின் அடிப்பகுதி கிழிந்து, சூடான புகை பின்பக்கமாக அவன் முகத்தில் அடித்திருந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. கன்னம் முழுக்கக் கரிப்புள்ளி, ரத்தம்.

பெர்னிஸ் ஓடிவந்தாள். மாட்டுத் தொட்டிக் குழாயைத் திறந்து அவன் தலையைக் கீழே அழுத்திப் பிடித்தேன். செத்திருந்தால் இவனுக்காக நான் அழுதிருப்பேனே என்று நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை, "க்விஸ்ட் ஒழுங்கா வேலை செய்யல."

பெர்னிஸ் மட்டும் அங்கே இல்லையென்றால் அந்தக் கட்டின் மேலேயே ஒன்று வைத்திருப்பேன்.

க்விஸ்ட் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டினார். போல்டின் முனை பூட்டிக்கொள்ளும் பள்ளம் உள்ளே அமுங்கிப் போயிருந்தது. துப்பாக்கியின் அந்த இரும்பு உடல் இனி எதற்கும் உதவாது. அவர் சாக்குச் சொல்லவில்லை. "உன்கிட்ட கேக்காம செஞ்சது தப்பு," என்றார். பிற்காலத்தில் செய்த, இன்னும் கனமான மாசர் உடல் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஏழு மில்லிமீட்டர் குழல் மாட்டிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை. அப்பா துப்பாக்கியின் மரக்கட்டையை மட்டும் கேட்டு எடுத்து வந்தேன். புது உடலுக்கு அது பொருந்தாது. பரவாயில்லை என்று சுவரில் மாட்டினேன்.

முதல் பனியில் ஒரு பெண் எல்க்கைச் சுட்டேன். தோள் வலிக்கவில்லை. வெர்ல் இல்லாமல் பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்துதான் மலையிலிருந்து இறக்கி வந்தேன்.

இறைச்சி வெட்டிய வாரம் வெர்ல் போன் செய்தான். எப்போதும் அவனுக்கு ஒரு தொடை போகும்.

"வந்து எடுத்துக்கோ. ஆனா முதல்ல பெர்னிஸ் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லணும். க்விஸ்ட் செஞ்சத இல்ல, நீ செஞ்சத."

"விடுக்கா. ஒரு துப்பாக்கிக்காக..."

போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். அவன் கன்னத்தில் கரி ஏறிய நீலப் புள்ளிகள் அப்படியே இருந்தன. தொப்பியைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, தரையைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா மனச மாத்தல. மாத்திட்டான்னு நான்தான் க்விஸ்ட்கிட்ட பொய் சொன்னேன்."

"எதுக்கு?" என்று கேட்டது பெர்னிஸ்.

"அப்பா துப்பாக்கிய அவளுக்குக் குடுத்துட்டார்."

அவள் காருக்குப் போய்விட்டாள். நான் தொடையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை.