ஜெஸிந்தா குளித்த தண்ணீர்

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் மருந்து கொடுத்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெஸிந்தாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளைக்கு யாரையும் நெருங்கக் கூடாது. சேரம்பாடி எஸ்டேட் வீட்டில் பின்னறையை அவளுக்கு விட்டுவிட்டு, கணவன் சில்வஸ்டர் கூடத்தில் படுத்துக்கொண்டான்.

வந்ததுமே அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. உடம்பிலிருந்து போகும் மருந்து வீட்டுக்குப் பின்னால் கழிவுக் குழியில் இறங்கி, கீழே சதுப்புக்குத்தானே போகும்? சதுப்பின் அடியிலுள்ள ஊற்றில்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனம் தண்ணீர் எடுக்கிறது. அவள் குளிக்கவில்லை. குடிக்கவும் யோசித்தாள்.

"டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னாருல்ல?" கதவுக்கு வெளியே நின்று சில்வஸ்டர் கேட்டான்.

"எல்லாம் ஊத்துக்குத்தானுங்க போகும். சின்னப் புள்ளைங்க குடிக்குதுங்க."

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று அவன் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. நிலத்தடி நீரை ஆராயும் பழைய வகுப்புத் தோழன் தங்கையாவுக்குப் போன் போட்டான். பேசி முடித்துக் கதவோரம் வந்து உட்கார்ந்தான்.

"சதுப்பு மண்ணு கறுப்பா இருக்குல்ல, அத்தனையும் மக்கின இலை தழை. அயோடினை அது பிடிச்சு வெச்சுக்குமாம். வேகமா நகர விடாதாம்."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல. இன்னொண்ணும் சொன்னான். பெருமழை பேஞ்சா அந்த மக்கு கரைஞ்சு தண்ணி பழுப்பா வருமில்ல, அதுல ஒட்டிக்கிட்டுக் கொஞ்சம் போகவும் செய்யுமாம். ஆனா ரொம்பச் சொற்பம். மருந்தோட வீரியமும் நாளாக நாளாகக் கொறைஞ்சிடும்."

கெட்டதையும் மறைக்காமல் சொன்னதால்தான் நல்லதை அவளால் நம்ப முடிந்தது. ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியே லயத்து மருதாம்பாளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுக்கா தாயி குளிக்காம கெடந்தே?" சிலோனில் பிறந்த மருதாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மேல பீலிக் குழாயில மலைத்தண்ணி கொட்டுதுல்ல, நாங்க அங்க போயிக்கிறோம். நீ நல்லாத் தலைக்கு ஊத்து."

சாயங்காலமே மழை பிடித்தது. லயத்துப் பெண்கள் குடங்களோடு மேட்டில் ஏறினார்கள். ஒருத்தி ஜன்னலைப் பார்த்துக் கை அசைத்தாள். ஜெஸிந்தா வெந்நீர் வைத்து ஆசை தீரக் குளித்தாள்.

மழை ஓய்ந்தபின் தங்கையா வந்து ஊற்றுநீரை எடுத்துப் போனான். சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்று செய்தி வந்தது.

டாக்டர் சொன்ன கெடு முடிந்த காலையில் சில்வஸ்டர் அறைக்குள் வந்தான். கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"ஏனுங்க, இனிக் கூடத்துல படுக்க வேண்டாம்," என்றாள் அவள், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து.